பள்ளத்திலிருந்து ஒரு சிரிப்பு

அன்று பள்ளத்தில் இருந்தவர்கள் நாலு பேர். மயிலாப்பூரில் அந்தச் சபாவின் மேடைக்கு முன்னால் இடுப்பளவு ஆழத்துக்குச் சிமெண்டு பூசிய பள்ளம் ஒன்று உண்டு. நாடகத்துக்கு வாசிக்கிறவர்கள் அதில்தான் உட்காருவார்கள். நடுவில், மேடையைப் பார்த்தபடி, கால் ஹார்மோனியத்தின் முன் வைரவன். அவருக்கு வலப்பக்கம் மடக்கு நாற்காலியில் க்ளாரினெட் அன்வர் பாஷா. இடப்பக்கம் தாழ்ந்த பலகையில் சம்மணம் போட்டுத் தபலா தனபாலன். சுவரோரம் அய்யாதுரை, இடிக்கு ஒரு பெரிய தகரம், குதிரைக்கு இரண்டு கொட்டாங்கச்சி, அரண்மனைக்கு ஒரு மணி, இவ்வளவும் அவர் பொறுப்பு. பள்ளத்துக்கு மேலே, முதல் வரிசையில், பாஸ் கொடுத்து உட்கார வைக்கிற நாற்காலிகளில் ஒன்றில் அறிமுகமில்லாத ஒருவர் இருந்தார். வெள்ளை அரைக்கை சட்டை. மடியில் ஒரு தோல் பை. இவர் எங்கே உட்கார்ந்தார், எப்படி உட்கார்ந்தார் என்று பிற்பாடு நால்வரும் ஆளுக்கு ஒரு விதமாகச் சொன்னார்கள். அவர் சிரிக்கவில்லை என்பதில் மட்டும் நால்வரும் ஒன்றுபட்டார்கள்.

எழுபத்தாறாம் வருஷம், மாசி மாதம். எமர்ஜென்சி வந்து மாதங்கள் ஆகியிருந்தாலும் சென்னையில் அது நிஜமாக வந்து இறங்கியது ராஜ்ய சர்க்கார் கலைந்த பிறகுதான். அதற்குப் பிறகு டீக்கடைகளில் பேச்சு பாதியில் நின்றது. யாரை எப்போது கூட்டிக்கொண்டு போனார்கள் என்பதை மனிதர்கள் குனிந்து, செருப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னார்கள். நாடகப் பிரதியைப் போலீஸ் ஆபீசில் கொடுத்து அனுமதி வாங்குவது பழைய வழக்கம்தான். ஆனால் இந்தத் தடவை பிரதி திரும்பி வந்தபோது ஒவ்வொரு பக்கத்திலும் முத்திரை இருந்தது. அப்படிக் கொடுக்கிற ஆபீசுக்கு மரியாதைக்காக இரண்டு பாஸ் அனுப்புவதும் வழக்கம். எப்போதும் அந்தப் பாஸில் யாராவது குமாஸ்தா வீட்டுப் பெண்கள் வருவார்கள், இடைவேளையில் முறுக்கு தின்பார்கள், போவார்கள். இந்தத் தடவை வெள்ளைச் சட்டை வந்தது.

நாடகக் குழுவின் சொந்தக்காரர் கணேசமூர்த்தி அண்ணாச்சி. தியாகராய நகரில் ஜவுளிக்கடை. சொந்த ஊர் சங்கரன்கோவில் பக்கம். கதாநாயகன் யாராக இருந்தாலும் அது அண்ணாச்சிதான். அவருக்கு நாலைந்து வருஷமாக வசனம் நழுவிக்கொண்டிருந்தது. குழுவில் எல்லோருக்கும் இது தெரியும், யாரும் சொல்வதில்லை. மேடையில் மௌனம் விழுந்தால் பள்ளம் அதை மூடிவிட வேண்டும் என்பது அங்கே எழுதாத சட்டம். சோகக் காட்சியென்றால் ஹார்மோனியம் ஒரு இழுப்பு இழுக்கும். சண்டைக் காட்சியென்றால் அய்யாதுரை தகரத்தைக் குலுக்குவார். நகைச்சுவைக் காட்சியில் க்ளாரினெட் சிரிக்கும். யார் மூட வேண்டும் என்று முடிவு செய்வது வைரவன். இடது கையைக் கட்டையிலிருந்து எடுத்து, யாரைப் பார்த்து விரலை மடக்குகிறாரோ அவர் வாசிக்க வேண்டும். அண்ணாச்சி அதற்குள் பக்கத் தட்டியில் நிற்பவர் எடுத்துக் கொடுக்கும் வசனத்தைப் பிடித்துக்கொள்வார். இதை ஒரு வாரப் பத்திரிகை, வசனத்துக்கும் வசனத்துக்கும் நடுவில் இவர் இசையைப் பேச விடுகிறார் என்று புகழ்ந்து எழுதியது. அண்ணாச்சி அதைக் கண்ணாடி போட்டுக் கடையில், பட்டுப்புடவைப் பிரிவில் மாட்டியிருந்தார்.

அன்று மூன்றாம் காட்சி. ராஜா வேஷத்தில் அண்ணாச்சி சிம்மாசனத்தை விட்டு எழுந்து, கையை விரித்து, கணீரென்று சொன்னார்: "என் நாட்டில் எவரும் மனத்தில் பட்டதைப் பயமின்றிப் பேசலாம்."

அடுத்தது, 'அமைச்சரே, முதலில் நீர் பேசும்' என்று வர வேண்டும். வரவில்லை. விரித்த கை விரித்தபடியே நின்றது. அண்ணாச்சியின் கண் மெதுவாக மேலே, விளக்குகளைப் பார்த்துப் போயிற்று. அந்தக் கண்ணை வைரவனுக்குத் தெரியும். அவர் யோசிக்கவில்லை. யோசித்துச் செய்கிற வேலையும் அல்ல அது. சைக்கிளில் போகிறவன் பள்ளத்தைக் கண்டால் பிரேக்கைப் பிடிப்பது மாதிரி. இடது கை கட்டையை விட்டு எழுந்தது. நகைச்சுவைக் காட்சி. விரல் பாஷாவைப் பார்த்து மடங்கியது.

பாஷாவின் க்ளாரினெட் சிரித்தது. மேலே ஒரு ஸ்வரத்தில் தொடங்கி, வழுக்கிக் கீழே வந்து, நடுவில் இரண்டு விக்கல் விக்கி, கடைசியில் கோழி மாதிரி ஒரு கொக்கரிப்பு. நூறு தடவை வாசித்த சிரிப்புதான்.

சபை ஒரு கணம் மூச்சு விடவில்லை. பிறகு பின்வரிசையில் யாரோ ஒருவர் சிரித்தார். உடனே மொத்தக் கூடமும் வெடித்தது. வைரவனுக்கு முதுகுதான் கூடத்தைப் பார்த்து இருந்தது. அந்தச் சிரிப்பு முதுகில் வந்து மோதியபோதே இது வழக்கமான சிரிப்பல்ல என்று தெரிந்துவிட்டது. வெகுநாளாகப் பல்லைக் கடித்து வைத்திருந்தவர்கள் சிரிக்கிற சிரிப்பு அது. ராஜா என்ன சொன்னார், அதற்கு என்ன பதில் போனது என்று அப்போதுதான் அவர் மனத்தில் சேர்ந்தது. கால் மிதிப்பதை மறந்தது. ஹார்மோனியம் காற்றில்லாமல் ஒரு முனகல் முனகி அடங்கியது. திரும்பிப் பார்த்தார். சிரிக்கிற முகங்களுக்கு நடுவில் வெள்ளைச் சட்டைக்காரர் மட்டும் கொஞ்சம் முன்னால் குனிந்து, பள்ளத்துக்குள்ளே பார்த்துக்கொண்டிருந்தார்.

நாடகம் முடிந்து திரை விழுந்ததும் அவர் பள்ளத்தின் விளிம்புக்கு வந்தார். குரலில் கோபமே இல்லை. பாஷாவின் கையிலிருந்த வாத்தியத்தைக் காட்டி, இதற்குப் பெயர் என்ன என்று கேட்டார். க்ளாரினெட் சார், என்றார் பாஷா. உங்கள் பெயர் என்றார். அதையும் பாஷா சொன்னார்.

"நல்லா சிரிக்குது" என்றார் வெள்ளைச் சட்டைக்காரர். தோல் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய்விட்டார்.

தனபாலன் தபலாவுக்கு உறை போட்டுக்கொண்டே, "நம்ம தபலாவுக்குச் சிரிக்கத் தெரியாது மாஸ்டர், நான் பொழைச்சேன்" என்றார். இடி இடிப்பதற்கும் இனிமேல் பர்மிஷன் வாங்க வேண்டுமோ என்று அய்யாதுரை கேட்டார். யாரும் சிரிக்கவில்லை. கேட்டவரே தகரத்தைச் சத்தம் வராமல், குழந்தையைத் தூக்குவது மாதிரி இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு போனார்.

வைரவனுக்குப் பகலில் வேலை அண்ணாச்சியின் கடையில்தான். கடைக்கு வருகிற, கடையிலிருந்து போகிற கடிதங்கள் எல்லாம் அவர் கையெழுத்து. கழுகுமலைப் பள்ளிக்கூடத்தில் படித்த கடித முறையை இந்த நாற்பத்திரண்டு வயதிலும் அவர் மாற்றவில்லை. அனுப்புநர், பெறுநர், பொருள், ஐயா, என்று இடம் விட்டு, ஓரம் மடித்து, அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதுவார். இரண்டு நாள் அவருக்குக் கடை வாசலில் நிழல் விழுந்தாலே பேனா நின்றது. புடவை வாங்க வந்த ஒரு மனிதர் அரைக்கை வெள்ளைச் சட்டை போட்டிருந்தார் என்பதற்காக உள்ளே போய்த் தண்ணீர் குடித்தார். வீட்டில் சுந்தரவல்லி, ஏன் இப்படிச் சாப்பாட்டை அளைந்துகொண்டிருக்கிறீர்கள் என்று கேட்டாள். வயிறு சரியில்லை என்றார்.

மூன்றாவது நாள் ஆபீசிலிருந்து தாள் வந்தது. அனுமதிக்கப்பட்ட பிரதியில் இல்லாத பரிகாசம் ஒன்று மூன்றாம் காட்சியில் சேர்க்கப்பட்டிருக்கிறது. அதைச் செய்தவர் யார், யார் சொல்லிச் செய்தார், எழுத்து மூலம் விளக்கம் தர வேண்டும். அவ்வளவுதான். மிரட்டல் ஒரு வார்த்தை இல்லை. அதனாலேயே அண்ணாச்சி அதை இரண்டு தடவை மடித்து, பிரித்து, மடித்தார்.

"வைரவா, உள்ள வா. கதவச் சாத்து" என்றார். கடையின் பின்னறை, நாப்தலின் உருண்டை வாசனை. அண்ணாச்சி மின்விசிறியையும் நிறுத்திவிட்டார். பேச்சு வெளியே போய்விடும் என்று நினைத்தாரோ என்னவோ.

அந்தப் பாய் தன்னிஷ்டத்துக்கு வாசித்துவிட்டான், குழுவுக்கு இதில் சம்பந்தம் இல்லை, அவனை நீக்கிவிட்டோம், இப்படி எழுது என்று அவர் சொன்னார். வைரவன் தரையைப் பார்த்தபடி, அந்த இடத்தில் வசனம் வராமல் போனதால்தான் என்று தொடங்கினார்.

"யாருக்கு வரல?"

வைரவன் அண்ணாச்சியின் கையில் மடித்திருந்த தாளைப் பார்த்தார்.

"அது மறதி இல்லடே. அது ஒரு நிறுத்தம். பத்திரிகைக்காரனுக்குத் தெரிஞ்சிருக்கு, ஒனக்குத் தெரியலியா?" என்றார் அண்ணாச்சி. சொல்லும்போது அவர் கன்னத்தில் சதை துடித்தது. அவரும் பயந்துதான் இருக்கிறார் என்று வைரவன் கண்டார். இத்தனை வருஷத்தில் அந்த முகத்தில் இதை அவர் பார்த்ததில்லை. பார்த்ததும் தன்னுடைய பயம் இரண்டு மடங்கானது. பெரிய மரமே ஆடினால் கீழே நிற்கிறவன் என்ன ஆவான்?

அப்புறம் அண்ணாச்சி குரலைத் தாழ்த்தினார். கடிதத்தில் கடையின் பெயர் வரக் கூடாது, தன் கையெழுத்தும் வரக் கூடாது. இசைப் பொறுப்பாளர் என்று போட்டு வைரவனே கையெழுத்துப் போட வேண்டும். "எழுதி எனக்குக் காட்டவும் வேண்டாம். நான் பார்த்தேன்னு இருக்கப்படாது. நாளைக்குப் பொழுது சாயறதுக்குள்ள ரிஜிஸ்தர்ல போயிரணும், கேட்டியா?"

கேட்டுக்கொண்டு வெளியே வந்தவர், நேரே வீட்டுக்குப் போகாமல் திருவல்லிக்கேணிக்குப் பஸ் ஏறினார். பஸ்ஸில் இடம் கிடைத்தும் உட்காரவில்லை. தன் கை எழுந்ததை யார் பார்த்தார்கள் என்று மனம் திரும்பத் திரும்பக் கணக்கெடுத்தது. தனபாலன் மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அய்யாதுரை கொட்டாங்கச்சியைத் தேடிக்கொண்டிருந்தார். பின்னால் இருந்த வெள்ளைச் சட்டைக்காரருக்குத் தன் முதுகு மறைத்திருக்கும். அப்படியானால் அந்த விரலைக் கண்டவர் பாஷா ஒருவர்தான். இந்தக் கணக்கு முடிந்ததும் நெஞ்சில் ஓர் இளைப்பாறல் வந்தது. வந்த வேகத்தில் வெட்கமும் வந்தது. ஆனாலும் இளைப்பாறல்தான் முதலில் வந்தது.

பாஷாவின் வீடு பெரிய மசூதிக்குப் பின்னால் சந்துக்குள் ஓர் ஒற்றை அறை. கதவைத் தட்டியதும் உள்ளே பேச்சு நின்றது. நின்றது நின்றபடியே இருந்தது. நான் வைரவன் என்று சொன்ன பிறகுதான் தாழ்ப்பாள் விலகியது. பாஷாவின் மனைவி அமீனா பீ முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு டீ போடப் போனாள். சுவரில் க்ளாரினெட் பெட்டி வழக்கமாகத் தொங்குகிற ஆணி வெறுமையாக இருந்தது.

எங்கே என்று வைரவன் கண்ணால் கேட்டார். பாஷா அரிசி டின்னைக் காட்டினார். வாத்தியத்தை ஐந்து துண்டாகக் கழற்றி, துணியில் சுற்றி, அரிசிக்குள்ளே புதைத்திருந்தார். கல்யாண பேண்டுக்குக் கூப்பிட வந்தவர்களிடம் உடம்பு சரியில்லை என்று சொல்லி அனுப்பியாயிற்றாம். அடுத்த சந்தில் ஒரு அச்சாபீஸ்காரரைப் பத்து நாளைக்கு முன் கூட்டிக்கொண்டு போனவர்கள் இன்னும் எங்கே என்று சொல்லவில்லை. அவர் மனைவி தினமும் வாசலில் நிற்கிறாள். தெருவில் போகிறவர்கள் அந்தப் பக்கம் பார்ப்பதே இல்லை. இதையெல்லாம் பாஷா வேறு யாருடைய கதையையோ சொல்வது மாதிரிச் சொன்னார்.

"லெட்டர் கேட்டுக்கீறாங்களாமே. தனபாலு சொன்னான்" என்றார் பிறகு. "யாரு எய்தறாங்க?"

"நான்தான் பாய்."

பாஷா தலையை ஆட்டினார். டீ வந்தது. இரண்டு பேரும் குடித்தார்கள். வெளியே ஒரு சைக்கிள் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. பாஷாவின் டம்ளர் பாதி வழியில் நின்றது. அமீனா பீ அடுப்புக்கு முன்னால் அசையாமல் நின்றாள். சைக்கிள் மணி அடித்தது, யாரையோ ஏசியது, போய்விட்டது. டம்ளர் மறுபடி வாய்க்குப் போனபோது டீ கொஞ்சம் சட்டையில் சிந்தியது. அதைத் துடைத்துக்கொண்டே பாஷா கேட்டார்.

"சைகை யாரு குட்த்தாங்கன்னு என்னைக் கேட்டா, நான் இன்னா சொல்றது மாஸ்டர்?"

அதில் குத்தல் இல்லை, மிரட்டல் இல்லை. எந்தச் சுருதிக்கு வாசிக்கட்டும் என்று ஒத்திகையில் கேட்பாரே, அதே குரல். வைரவன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். பார்க்கலாம் பாய், என்றார். வாசல் வரை வந்த அமீனா பீ ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை என்று சந்து முனை வரை நினைத்துக்கொண்டே போனார்.

மறுநாள் மத்தியானம், கடையில் எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில், பின்னறையில் காகிதத்தை எடுத்து ஓரம் மடித்தார். அனுப்புநர். பெறுநர். பொருள்: நாடகத்தின் மூன்றாம் காட்சியில் எழுந்த ஓசை குறித்து. ஐயா. இது வரை கை தானாக ஓடியது. 'மேற்படி ஓசையை எழுப்பியவர்' என்று எழுதியதும் நின்றது.

பாஷாவின் பெயரை எழுதுவது சுலபம். அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்த பெயர்தானே. அவர்தானே வாசித்தார், அதில் பொய் என்ன இருக்கிறது? மேடைக்குக் கீழே பள்ளத்தில் நடப்பது யாருக்கும் தெரியாது. இப்படி எழுதி முடித்தால் அண்ணாச்சிக்கு நிறுத்தம் நிறுத்தமாகவே இருக்கும், கடை கடையாக இருக்கும், சுந்தரவல்லி கேட்கிற கேள்விக்கு வயிறு சரியாகிவிட்டது என்று சொல்லலாம். பாஷா மட்டும் அரிசி டின்னுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு சைக்கிள் சத்தத்தையும் கேட்டுக்கொண்டிருப்பார். ஒருநாள் சைக்கிள் போகாமல் நின்றுவிடும். கேட்டால்கூட அவர் விரலைப் பற்றிச் சொல்ல மாட்டார் என்று வைரவனுக்கு இப்போது நிச்சயமாகத் தெரிந்தது. சொல்வதாக இருந்தால் என்ன சொல்லட்டும் என்று கேட்டிருக்க மாட்டார்.

இடது கையைப் பார்த்தார். மேசை மேல், காகிதம் நழுவாமல் இருக்க அழுத்திக்கொண்டிருந்தது. அதைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். காகிதம் நழுவியது. புதுக் காகிதம் எடுத்தார்.

இந்தத் தடவை நிற்காமல் எழுதினார். நிறுத்தினால் தொடர முடியாது என்று தெரிந்ததால்.

'மேற்படி காட்சியில் அரசர் வேடமேற்றவர் அடுத்த வசனத்தை மறந்து நின்றார். மேடையில் இவ்வாறு மௌனம் ஏற்பட்டால் அதை ஏதேனும் ஒரு வாத்தியத்தால் மூடுவது எங்கள் குழுவின் வழக்கம். எந்த வாத்தியம் என்று கையால் சைகை செய்பவன் நான். அன்றும் நானே செய்தேன். வாசித்தவர் என் சைகைக்குக் கட்டுப்பட்டவர். அதை மீறும் உரிமை அவருக்கு இல்லை. வேறு யாரும் சொல்லி இது நடக்கவில்லை. பரிகாசம் செய்யும் எண்ணமும் இல்லை. செய்தவர் பெயர் என்று கேட்டிருப்பதற்கு என் பெயரையே எழுதிக்கொள்ளக் கோருகிறேன்.'

படித்துப் பார்த்தார். 'மறந்து நின்றார்' என்ற இடத்தில் கண் நின்றது. அதை எடுத்துவிட்டால் அண்ணாச்சி தப்பித்துக்கொள்வார். ஆனால் எடுத்துவிட்டால் கை ஏன் எழுந்தது என்பதற்குக் காரணமே இருக்காது, ராஜாவைக் கேலி செய்யத்தான் எழுந்தது என்று ஆகிவிடும். குழு முழுக்க அத்தனை வருஷம் மூடி வைத்த ஒரு விஷயம், முதல்முதலாகக் காகிதத்தில், அதுவும் போலீசுக்குப் போகிற காகிதத்தில். ஆபீசில் இதை நம்பினால் அண்ணாச்சி தன்னை விடமாட்டார். நம்பாவிட்டால் ஆபீஸ் விடாது. இரண்டில் எது முதலில் வரும் என்று யோசித்தார். கையெழுத்துப் போட்டார்.

தபாலாபீஸ் கூப்பிடு தூரம்தான். வழியெல்லாம் உறையைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, யாராவது கூப்பிடுவார்களோ என்று நடந்தார். கூப்பிட்டால் திரும்பிவிடுவார் என்று அவருக்கே பயமாக இருந்தது. பாண்டி பஜார் ஜனத்தில் ஒருவர்கூடக் கூப்பிடவில்லை.

தபாலாபீஸில் கோந்துக் குப்பி காய்ந்திருந்தது. குச்சியால் சுரண்டித் தடவி, மடிப்பை ஒட்டி, கட்டைவிரலால் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தேய்த்தார். ஒட்டிய பிறகும் தேய்த்தார். ஜன்னலுக்குள்ளே நீட்டினார். உள்ளே இருந்த குமாஸ்தா உறையைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டுத் திருப்பி வைத்தார்.

"இன்னா சார் இது, அனுப்புறவர் பேரு எறும்பு ஊர்ந்த மாதிரி கீது. படிக்கிற மாதிரி எழுதிக் குடுங்க."

வைரவன் பார்த்தார். நிஜம்தான். பெறுநர் முகவரி வழக்கம்போல அச்சடித்த மாதிரி இருந்தது. தன் பெயரை மட்டும் உறையின் மூலையில், ஓரத்தோடு ஓரமாக, இருக்கிறதா இல்லையா என்கிற அளவில் எழுதியிருந்தார். எப்போது அப்படி எழுதினார் என்பது நினைவில்லை. ஜன்னல் பலகையில் உறையை வைத்து, இடது கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, பழைய பெயருக்குக் கீழே, கடைப் பலகை எழுதுகிற மாதிரி ஒவ்வொரு எழுத்தாக எழுதினார். ஆ. வைரவன், ஹார்மோனியம்.

குமாஸ்தா ரசீதைக் கிழித்துக் கொடுத்தார். உறையின் மேல் ஒரு முத்திரை, ஒப்புகை அட்டையின் மேல் ஒரு முத்திரை. இரண்டு அடிக்கும் வைரவனின் தோள் குலுங்கியது. பிறகு குமாஸ்தா திரும்பிப் பார்க்காமலே கையைப் பின்னால் வீசினார். உறை சாக்குப் பைக்குள் விழுந்தது.